பழைய ஸோர்க்கியும் ஒரு ஜூபிட்டர் லென்ஸும்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் தொடங்குபவர்களுக்கு

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை முதன்முறை கண்ணில் வைத்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். பக்கத்தில் இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாமே ஒரே தெளிவாகத் தெரியும். எது ஃபோகஸில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நடுவில் மட்டும் லேசாக நிறம் மாறிய ஒரு சின்னத் திட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டீ கிளாஸை அந்தத் திட்டுக்குள் கொண்டுவாருங்கள். கிளாஸின் விளிம்பு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒரு விளிம்பு நகர்ந்து வந்து மற்றதன்மேல் உட்காரும். இரண்டும் ஒன்றான இடம்தான் ஃபோகஸ். கை அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு இந்த ஒரு அசைவுக்காகவே இந்தக் கேமராக்களைப் பிடிக்கும். அதற்கு பேட்டரி தேவையில்லை, திரை தேவையில்லை. லென்ஸின் பின்பக்கம் உள்ளே இருக்கும் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. அது இரண்டாவது பிம்பத்தை நகர்த்துகிறது. கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் தள்ளித் தள்ளி இருப்பது இதற்காகத்தான். நம் இரண்டு கண்கள் தூரத்தை அளக்கும் அதே முக்கோணக் கணக்கு.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றதும் பலருக்கு ஜெர்மனியின் லைக்கா கேமரா ஞாபகம் வரும், அதன் விலையும் கூடவே ஞாபகம் வரும். அதனால் பலர் ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தொடங்குவதற்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை. சோவியத் காலத்து ஸோர்க்கி அல்லது ஃபெட் ஒன்று, அதோடு 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, அவ்வளவு போதும். மிச்சப் பணத்தைச் சர்வீஸுக்கும் ஃபிலிமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை வாங்கிக் குவிப்பதைவிட பத்து ரோல் எடுப்பதில்தான் கை பழகும்.

எந்தக் கேமரா

ஃபெட் பிறந்தது உக்ரைனின் ஹார்கிவ் நகரத்தில். வீடற்ற பிள்ளைகள் சேர்ந்து வாழ்ந்து வேலை கற்க 1927-ல் அங்கே ஒரு கம்யூன் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஆன்டன் மகரென்கோ என்ற கல்வியாளர். பிள்ளைகள் முதலில் மின்சார டிரில் செய்தார்கள். பிறகு 1934 முதல், லைக்கா 2-ஐப் பார்த்து அதேபோல ஒரு கேமராவைத் தொடர்ந்து செய்ய ஆரம்பித்தார்கள். கம்யூனுக்கு, சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர். அந்தப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட். ஸோர்க்கி மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1948-ல் வந்தது. ரஷ்ய மொழியில் ஸோர்க்கி என்றால் கூர்மையான பார்வை உடையது என்று பொருள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஸோர்க்கி-4 அல்லது ஃபெட்-2 வாங்குவது நல்லது. இரண்டிலும் பின்கதவு முழுதாகக் கழன்று வந்துவிடும், ஃபிலிம் போடுவது சுலபம். முதல் ஃபெட், முதல் ஸோர்க்கி இரண்டும் பார்க்க அழகானவை, ஆனால் ஃபிலிமை அடிப்பக்கம் வழியாக நுழைக்க வேண்டும். அதற்கு ஃபிலிமின் நுனியை நீளமாகக் கத்தரிக்க வேண்டும். அது பிறகு பழகட்டும். ஸோர்க்கி-4-ல் 1 நொடியிலிருந்து 1/1000 வரை ஷட்டர் வேகங்கள் உண்டு. ஃபெட்-2-ல் மெதுவான வேகங்கள் கிடையாது, 1/500-தான் உச்சம், அதற்கேற்ப உள்ளே சிக்கலும் குறைவு. ஃபெட்-2-ல் இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே 67 மி.மீ. தூரம் என்பதால் ஃபோகஸ் துல்லியமாக அமையும்.

ஒரு எச்சரிக்கை. தங்க முலாம் பூசி, ஜெர்மன் ராணுவ முத்திரை குத்தி, லைக்கா என்று பெயர் பொறித்த கேமராக்கள் சந்தையில் நிறைய உலாவுகின்றன. பெரும்பாலும் அவை பழைய ஃபெட், ஸோர்க்கி கேமராக்களை மாற்றிச் செய்தவை. அலமாரியில் வைக்க ஆசைப்பட்டால் வாங்குங்கள், படம் எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் ஃபிலிமைச் சுற்றும் குமிழைத் திருகுங்கள். ஒரே சீராகச் சுற்றி முடிந்து நிற்க வேண்டும். பிறகு வேகத்தை வையுங்கள், பிறகு ஷட்டரை அடியுங்கள். இந்த வரிசை மிக முக்கியம், கீழே திரும்பவும் சொல்கிறேன்.

லென்ஸைக் கழற்றுங்கள், பின்கதவையும் கழற்றுங்கள். இந்தக் கேமராக்களில் ஷட்டர் என்பது ரப்பர் பூசிய துணித்திரை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, திரை மூடியிருக்கும்போது உள்ளே பாருங்கள். ஊசிமுனை அளவில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் திரையில் ஓட்டை இருக்கிறது. குமிழைச் சுற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் திரை இரண்டு. நான் வாங்கிய முதல் ஸோர்க்கியில் இதைப் பார்க்கவில்லை. முதல் ரோலில் பாதிப் படங்களில், வலது மேல் மூலையில், ஒரே இடத்தில் வெள்ளைப் பொட்டு விழுந்திருந்தது.

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மங்கலாகத் தெரிந்தால் உடனே கேமராவை ஒதுக்காதீர்கள். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழுக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அது கண்ணின் பவருக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதற்கானது. அதை நகர்த்திப் பாருங்கள், தெளிந்துவிடும். கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க: கண் வைக்கும் இடத்தில் இருக்கும் உலோக வளையம் கண்ணாடியில் கீறல் போடும். அதன்மேல் மெல்லிய ரப்பரோ துணியோ ஒட்டிக்கொள்ளுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நிலாவைவிட நல்ல கருவி இல்லை. லென்ஸை முடிவிலியில் வைத்து நிலாவைப் பாருங்கள். திட்டுக்குள் ஒரே நிலா தெரிய வேண்டும். பகலானால் தூரத்து செல்போன் கோபுரம் போதும். அடுத்து, டேப் வைத்து சரியாக 1 மீட்டர் அளந்து ஒரு பொருளை வைத்துப் பிம்பங்களை ஒன்றாக்குங்கள். லென்ஸில் 1 மீட்டர் குறி நேராக நிற்க வேண்டும். பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகி இருந்தாலோ, பக்கவாட்டில் பொருந்தாமல் இருந்தாலோ பயப்பட வேண்டாம். பழுது பார்ப்பவருக்கு இது சின்ன வேலை.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. அதை வாங்காதீர்கள். சின்னக் கீறல்களும் தூசியும் படத்தைக் கெடுப்பதில்லை. அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் இதழ்களில் எண்ணெய் படிந்திருந்தாலும் பாதகமில்லை, இந்த லென்ஸ்களில் நாமே கையால்தான் அபர்ச்சரைத் திருப்புகிறோம். ஃபோகஸ் வளையம் கல் மாதிரி இறுகியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சுத்தம் செய்து புது கிரீஸ் போட்டால் சரியாகிவிடும், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெரும்பாலான ஸோர்க்கி-4 கேமராக்களிலும் பல சோவியத் லென்ஸ்களிலும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். 63 என்று தொடங்கினால் 1963.

லென்ஸ்

ஒரே ஒரு லென்ஸ் வாங்குவதானால் ஜூபிட்டர்-8. 50 மி.மீ., எஃப் 2 (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக அபர்ச்சர் பெரிதாகத் திறக்கும்). ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலே 1930-களில் வடிவமைத்த ஸோனார் லென்ஸின் வழிவந்தது இது. மூன்று தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். போருக்குப் பிறகு அந்த வடிவமைப்பு சோவியத் தொழிற்சாலைகளுக்குப் போய் இந்தப் பெயரில் லட்சக்கணக்கில் வெளிவந்தது. அதனால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

எஃப் 2-ல் வைத்து ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய மென்மை படரும், பின்னணி கரைந்து போகும். எஃப் 5.6, எஃப் 8-க்குப் போனால் அதே லென்ஸ் கறாராகிவிடும், ஓடுகளையும் செங்கலையும் எண்ணிவிடலாம். ஒரு லென்ஸில் இரண்டு குணம். எதிர்வெயில் மட்டும் ஆகாது. பழைய பூச்சு என்பதால் படம் வெளிறிவிடும். லென்ஸுக்கு முன்னால் வெயிலை மறைக்க 40.5 மி.மீ. அளவில் ஒரு ஹுட் மாட்டிக்கொள்ளுங்கள்.

இன்டஸ்டார்-61 எல்/டி இன்னும் மலிவு. 55 மி.மீ., எஃப் 2.8. லாந்தனம் கலந்த கண்ணாடி கொண்டது, நான்கே கண்ணாடிகள் உள்ள டெஸ்ஸார் வகை. கூர்மையில் குறை சொல்ல முடியாது. ஃபெட் வாங்கினால் பெரும்பாலும் கூடவே வரும். அது வந்தால் ஜூபிட்டரைத் தேடி ஓட வேண்டாம், முதல் ஐந்து ரோலை அதிலேயே எடுங்கள்.

அகலமாக எடுக்க ஜூபிட்டர்-12, 35 மி.மீ., எஃப் 2.8. இதுவும் ஸைஸ் வழிவந்ததுதான், பயோகான் வடிவம். இதன் பின்பக்கக் கண்ணாடி உருண்டையாகக் கேமராவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றியதும் பின்பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் வைத்துவிடாதீர்கள், கீறிவிடும். கேமராவின் வியூஃபைண்டர் 50 மி.மீ.-க்கு மட்டுமே காட்டும் என்பதால், இந்த 35 மி.மீ. லென்ஸுக்குக் கேமராவின் தலையில் தனியாக ஒரு சின்ன வியூஃபைண்டர் செருக வேண்டும். 28, 35, 50, 85, 135 என்று ஐந்து லென்ஸுகளுக்கும் திருப்பிக்கொள்ளும்படி சோவியத் தயாரிப்பு ஒன்று உண்டு.

இங்கே நிறையப் பேர் பணம் விடும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கேமராக்களின் லென்ஸ் மரை 39 மி.மீ. அதே 39 மி.மீ. மரையோடு பழைய ஸெனிட் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கும் (லென்ஸ் வழியாகவே பார்க்க உள்ளே சாய்ந்த கண்ணாடி வைத்தவை) லென்ஸ்கள் வந்தன. அவை ஸோர்க்கியில் அழகாகத் திருகி உட்காரும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை ஸோர்க்கியில் 28.8 மி.மீ., ஸெனிட்டில் 45 மி.மீ.-க்குச் சற்று மேல். விற்பவர் 'எம்39' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கேமராவுக்கானது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜூபிட்டர்-8-லேயே கீவ் என்ற இன்னொரு சோவியத் கேமராவுக்கான வகையும் உண்டு, அது மரை இல்லாத வேறு பொருத்தம், இதில் மாட்டவே மாட்டாது.

ஃபிலிம் போடுவது

கேமராவின் அடியில் இருக்கும் இரண்டு சாவிகளையும் நிமிர்த்தித் திருப்புங்கள். பின்கதவு கீழ்நோக்கி வழுக்கி வந்துவிடும். ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல் தனியாகக் கழன்று வரலாம், கீழே விழுந்து உருண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் கேமரா பயன்படாது.

ஸ்பூலைக் கையில் எடுத்து ஃபிலிமின் நுனியை அதன் பிளவுக்குள் செருகுங்கள். பிறகு ஃபிலிம் டப்பாவை இடது பக்கமும் ஸ்பூலை வலது பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்குங்கள். பற்சக்கரத்தின் பற்கள் ஃபிலிமின் ஓட்டைகளில் பதிகிறதா என்று பாருங்கள். கதவை மூடும் முன் ஒரு முறை சுற்றி, ஃபிலிம் நேராகப் போகிறது என்று தெரிந்த பிறகு மூடுங்கள். வெறுமனே இரண்டு தடவை சுற்றி அடியுங்கள். படக்கணக்குக் காட்டும் வட்டைக் கையால் பூஜ்யத்தில் வையுங்கள், அது தானாகத் திரும்பாது.

இதற்கப்புறம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இடப்பக்கக் குமிழைக் கவனியுங்கள். அது சேர்ந்து சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் நீங்கள் 36 படமும் எதிலும் பதியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எந்த ஃபிலிம்? ஒரு காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. இப்போது இறக்குமதிதான். முதல் ரோலுக்குக் கருப்பு வெள்ளை எடுங்கள். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், கென்ட்மியர் 400, ஃபோமாபான் 100, எதுவானாலும் சரி. வெளிச்சக் கணக்கில் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) கூடினாலும் இவை பொறுத்துக்கொள்ளும். 100, 400 என்பவை ஐஎஸ்ஓ எண், அதாவது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பது. வெயில் அதிகமுள்ள ஊரில் 100-தான் வசதி. காரணம் அடுத்து வருகிறது.

சுற்று, வேகம் வை, அடி

முதலில் சுற்ற வேண்டும். அப்புறம்தான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். ஸோர்க்கி-4 போல மெதுவான வேகங்கள் உள்ள கேமராக்களில், சுற்றாமல் வேக வட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பாகங்கள் இடம் மாறிச் சிக்கிக்கொள்ளும், பல்லும் உடையலாம். தவிர, ஷட்டர் அடிக்கும்போது அந்த வட்டும் சேர்ந்து சுழல்வதால், சுற்றிய பிறகுதான் அதிலுள்ள எண்ணே சரியாகக் காட்டும். வட்டை மேலே தூக்கி, திருப்பி, எண்ணுக்கு நேரே விட வேண்டும். வீட்டில் யாராவது கேமராவைக் கேட்டால் இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையில் கொடுங்கள்.

இவ்வளவு பழைய கேமராக்களில் 1/500, 1/1000 இரண்டையும் நம்ப வேண்டாம். திரைகள் ஒரே வேகத்தில் ஓடாமல் படத்தின் ஒரு பக்கம் இருண்டுவிடும். 1/250-க்குள் இருந்தால் நிம்மதி. அதனால்தான் 100 ஃபிலிம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு 1/125, எஃப் 16, அல்லது 1/250, எஃப் 11. பழைய கேமராவில் 1/100 என்று இருந்தால் அதுவே போதும். 400 ஃபிலிம் போட்டால் அதே வெயிலில் 1/250-ல் எஃப் 22 வரை போக வேண்டியிருக்கும்.

லைட் மீட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருந்தால் எஃப் 16. விளிம்பு மங்கினால் எஃப் 11. நிழலே விழாத மேகமூட்டம் என்றால் எஃப் 8. மழைமேகம் கறுத்தால் எஃப் 5.6. மரத்தடி, திண்ணை, தெருவின் நிழல் பக்கம் என்றால் எஃப் 4. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்து வையுங்கள். நெகட்டிவுக்கு வெளிச்சம் கூடுவதைவிடக் குறைவதுதான் கெடுதல். வீட்டுக்குள் எடுக்கும்போது செல்போனில் ஒரு மீட்டர் ஆப் போதும். எஸ்எல்ஆரில் போல உள்ளே கண்ணாடி எழும்பும் அதிர்ச்சி இல்லாததால், மூச்சைப் பிடித்து நின்றால் 1/30-லும் கை நடுங்காமல் எடுக்கலாம்.

தெருவில் ஃபோகஸ் செய்யவே நேரம் இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது. ஜூபிட்டர்-8-ஐ எஃப் 8-ல், 3 மீட்டரில் வைத்தால் சுமார் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஜூபிட்டர்-12 என்றால் எஃப் 8-ல் 5 மீட்டரில் வைத்துவிடுங்கள், இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு. லென்ஸின் மேலுள்ள கோடுகள் இதைக் காட்டத்தான் இருக்கின்றன. வைத்துவிட்டு நடந்தால், கண் முழுக்க மனிதர்கள்மேல் இருக்கும். வியூஃபைண்டரில் படம் இருண்டு மறைவதில்லை, ஷட்டர் அடிக்கும் அந்தக் கணத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஒருவர் கண் சிமிட்டினாரா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இந்த வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அதனால் இரண்டு ஆபத்துகள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் தெரியும். எனக்கு ஒரு கல்யாண வீட்டில் ஆறு படம் அப்படிப் போயிற்று. தாலி கட்டும் நேரம் அதில் அடக்கம். இரண்டாவது, மூடாத லென்ஸைச் சூரியனுக்கு நேரே வைக்காதீர்கள். நடுவில் எஸ்எல்ஆரில் உள்ளது போன்ற கண்ணாடி இல்லாததால் வெயில் நேரே துணித்திரையில் குவிந்து பொசுக்கிவிடும், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போல. கழுத்தில் தொங்கும்போது லென்ஸ் தரையைப் பார்க்கட்டும், பெஞ்சில் வைக்கும்போது மூடி போடுங்கள்.

ரோல் முடிந்ததும்

குமிழ் இறுகினால் நிறுத்துங்கள், இன்னொரு படத்துக்காக வலிந்து இழுத்தால் ஃபிலிம் டப்பாவிலிருந்து பிய்ந்துவிடும். ஷட்டர் பொத்தானைச் சுற்றியிருக்கும் வளையம்தான் திரும்பச் சுற்றுவதற்கான பூட்டு. அதை விடுவித்து இடது குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். இழுவை விட்டதும் இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கதவைத் திறங்கள்.

கேமராவை வைக்கும்போது ஷட்டரைச் சுற்றி வைக்காமல் அடித்துவிட்டு வையுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் தோல் உறையில் மூடி அலமாரியில் போட்டுவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சை அதில்தான் தொடங்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து எல்லா வேகத்திலும் இரண்டு தடவை அடித்துப் பாருங்கள்.

முதல் ரோல் கழுவி வந்ததும் படம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் நெகட்டிவை வரிசையாக வெளிச்சத்தில் பிடியுங்கள். கேமராவின் உடல்நிலை முழுதும் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி இருந்தால் திரையில் ஓட்டை. அதிவேகத்தில் எடுத்தவை மட்டும் ஒரு பக்கம் வெளிறியிருந்தால் திரைகளின் இழுவிசை சரியில்லை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சுற்றும் பகுதியில் கோளாறு. நீங்கள் ஃபோகஸ் செய்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெளிவாகவும் முகம் மங்கலாகவும் வந்தால் ரேஞ்ச்ஃபைண்டரைத் திருத்த வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு படத்துக்கும் எண், வேகம், அபர்ச்சர், தூரம் நான்கையும் ஒரு சின்ன நோட்டில் குறித்திருக்க வேண்டும். பழுது பார்ப்பவரிடம் போகும்போது நெகட்டிவையும் அந்த நோட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். 'சரியா வரலை' என்று மட்டும் சொன்னால் அவர் கேமரா முழுவதையும் பிரித்துத்தான் தேட வேண்டியிருக்கும்.